கஸ்பார் வாங்கின ஒரே ஒரு முள்ளு

காலை உள்ளே இழு கண்ணு. இப்படித் தூளிக்கு வெளியில நீட்டிக்கிட்டு இருந்தா எப்படித் தூக்கம் வரும்? ம்... சரி. நான் சொல்லச் சொல்ல நீ ‘ம்’ கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு மாமனார் இருந்தாரு. பேரு கஸ்பார். ஆறு கடல்ல சேர்ற இடத்துல வீடு. பொண்டாட்டி சலேத்து, பொண்ணு புஷ்பம், அப்புறம் ஒரு சேவல். சேவலுக்குப் பேரு ராயப்பு. பொண்ணு மேல எவ்வளவு பாசமோ, ராயப்பு மேலயும் அவ்வளவு பாசம் அவருக்கு.

பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு. அந்த ஊர்ல ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்கு வந்த மாப்பிள்ளையோட இலையில, மாமனார் தன் கையால தூண்டி போட்டுப் புடிச்ச மீன் விழணும். கடையில வாங்கினது ஆகாது. மீன் விழுற வரைக்கும் மாப்பிள்ளை பொண்ணைக் கூட்டிட்டுக் கிளம்பக் கூடாது. அதுவரைக்கும் அவரு கேட்டதெல்லாம் ஆக்கிப் போடணும்.

“ம்.”

மாப்பிள்ளை பேரு தொம்மை. பார்க்க ஓலைக்குச்சி மாதிரி இருப்பாரு. ஆனா சாப்பிட உட்கார்ந்தா, சட்டி தானா நடுங்கும்.

கஸ்பார் தூண்டி வாங்கப் போனாரு. இந்தப் பக்கம் கொல்லர் ஆவுடையோட பட்டறை. “தூண்டி முள்ளு அடிக்க ஒரு நாள் ஆகும். ஒண்ணுதான் தருவேன்” அப்படின்னாரு ஆவுடை.

“அது போயிடுச்சுன்னா?”

“போகாது.”

“ஒருவேளை போனா?”

“போகாதுய்யா!”

அந்தப் பக்கம் சந்தை. மலை மாதிரி முள்ளு குவிஞ்சு கிடக்கு. பளபளபளன்னு மின்னுது. “அள்ளிக்கோங்க அண்ணாச்சி! தூண்டி நரம்பு சேர்த்தி, கம்பு சேர்த்தி, ரீலு சேர்த்தி!”

கஸ்பாருக்குக் குவியலைப் பார்த்தாலே மனசு நிறைஞ்சிடும். வேட்டியை ஏந்தி அள்ளிக்கிட்டாரு. ஒண்ணு போனா என்ன, இன்னொண்ணு இருக்கே!

முதல் நாள். தூண்டியைப் போட்டாரு. ப்ளக்! ஒரு கொடுவா மீன் கவ்விடுச்சு. எவ்வளவு பெருசு? நம்ம வாசக்கதவு இருக்குல்ல, அவ்வளவு. கஸ்பார் ஒரு இழு இழுத்தாரு. டொய்ங்! முள்ளு நிமிர்ந்து ஊசியாப் போச்சு. அந்தக் கொடுவா அதை வாங்கிப் பல்லைக் குத்திக்கிட்டே போயிடுச்சு.

“போகட்டும், இன்னொண்ணு இருக்கே!” அப்படின்னு சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தாரு.

“மாமா, மீனு?”

“நாளைக்கு மாப்ள.”

“சரி மாமா. அப்போ இன்னைக்குக் கோழி.”

ஒரே ராத்திரியில எட்டுக் கோழி காலி.

“ம்...”

அப்புறம் ரெண்டாம் நாள். ப்ளக்! அதே கொடுவா. இழுத்தாரு. பட்! நரம்பு அறுந்துபோச்சு. கஸ்பார் மல்லாக்க விழுந்தாரு. கொடுவா அந்த நரம்பை ரெண்டு பாறைக்கு நடுவுல கட்டி, தன் துணியெல்லாம் காயப் போட்டுச்சு.

மீனுக்கு ஏது துணியா? அதை நீ அதுகிட்டத்தான் கேக்கணும்.

“மாமா, மீனு?”

“நாளைக்கு மாப்ள.”

“அப்போ இன்னைக்கு வாத்து.”

அப்புறம் மூணாம் நாள். ப்ளக்! ரீலைச் சுத்தினாரு, கிர்ர்ர், கிர்ர்ர். கைப்பிடி கழண்டு கையோட வந்திடுச்சு. அது தெரியாம அவரு வெறும் காத்துல சுத்திக்கிட்டே நிக்கிறாரு. கம்பு நாலாப் பிரிஞ்சு மிதக்குது.

வீட்டுக்கு வந்தா வாசல்ல ஒரு சத்தமும் இல்ல. கோழி இல்ல, வாத்து இல்ல. ராயப்பு மட்டும் கூரை மேல ஏறி ஒத்தைக் கால்ல நிக்குது. மாப்பிள்ளை அண்ணாந்து அதையே பார்த்துக்கிட்டு இருக்காரு.

“மாமா... இது யாருது?”

கஸ்பார் ஓடிப் போய்க் குறுக்க நின்னாரு. “அது குடும்பத்து ஆளு மாப்ள! நாளை மத்தியானம் வரைக்கும் பொறுங்க!”

அப்படியே கரைக்கு ஓடினாரு. அப்போ தண்ணிக்குள்ள இருந்து கொடுவா தலையை நீட்டுச்சு. “யோவ் கஸ்பாரு! உன்னால என் வாயி ஆணிக்கடை ஆயிடுச்சு. துப்பினா துரு வருது. புடிச்சா ஒழுங்காப் புடி, இல்லாட்டி விடு!”

“நீயே வந்துட்ட, அப்படியே வீட்டுக்கு வாயேன். என் சேவலைக் காப்பாத்து.”

“நல்லா இருக்கே! கூப்பிட்டா வர்றதுக்கு நான் என்ன உன் வீட்டுக் கோழியா? புடிச்சா வருவேன்.”

கஸ்பார் பட்டறைக்கு ஓடினாரு. ஆவுடை உலையை ஊதினாரு. இரும்பைச் செக்கச் செவேல்னு காய்ச்சினாரு. டங், டங், டங்! வளைச்சு, எண்ணெயில முக்கினாரு. ஸ்ஸ்ஸ்ஸ்! கறுப்பா, பார்க்கவே நல்லா இல்லாம, ஒரே ஒரு முள்ளு.

“ம்...”

மறுநாள் அந்த முள்ளை சலேத்தோட கிணத்துக் கயித்துல கட்டிப் போட்டாரு. ப்ளக்! கொடுவா இழுக்குது, கஸ்பார் இழுக்குறாரு. அது ஆத்துப் பக்கம், இவரு வீட்டுப் பக்கம். முள்ளு அசையல. கடைசியில கொடுவா கரையில வந்து படுத்து, “ஆகா! முள்ளுன்னா இது முள்ளு!” அப்படின்னுச்சு.

அப்படியே உயிரோட தூக்கிட்டு வந்து மாப்பிள்ளை இலையில போட்டாங்க. தொப்! தலைக்கு ஒரு இலை, வாலுக்கு ஒரு இலை, நடுவுல அஞ்சு இலை. ஆனா காத்திருந்த நேரத்துல மாப்பிள்ளை அறுபது இட்லி சாப்பிட்டிருந்தாரு. கையைத் தூக்க முடியல. குனிஞ்சு செதிலை ஒரு நக்கு நக்கினாரு.

“உப்பு கொஞ்சம் கம்மி மாமா. இலையில விழுந்திடுச்சுல்ல, போதும். நாங்க கிளம்புறோம்.”

கிளம்பினாரு. வாசக்கதவுல சிக்கிக்கிட்டாரு! வயிறு வெளிய, முதுகு உள்ள.

மிச்சம் இருந்த குவியல் முள்ளையெல்லாம் அவரு பெல்ட்டுல மாட்டி இழுத்தாங்க. டொய்ங், டொய்ங், டொய்ங்! அத்தனையும் ஊசி ஆச்சு. கஸ்பாருக்கு அப்பவும் ஆசை விடல, இன்னும் இருக்கான்னு மடியைத் தடவிப் பார்த்தாரு. ஒண்ணும் இல்ல. அப்புறம்தான் ஆவுடை அடிச்சுக் கொடுத்த முள்ளை மாட்டினாரு. கயித்தோட மறு நுனியைக் கொடுவா வாலுல கட்டினாரு. கொடுவா தத்தித் தத்தித் தண்ணியில குதிச்சுது. சர்ர்ர்ர்... டொப்!

மாப்பிள்ளை பறந்து போய் அவரு வீட்டு வாசல்லயே விழுந்தாரு. புஷ்பம் பின்னாடியே பஸ்ஸுல போனா. ராயப்பு கூரையில இருந்து கூவுச்சு.

கொடுவா வாலுல இருந்த கயித்தைக் கஸ்பார் அவுத்து விட்டப்போ, “முள்ளை நீயே வச்சுக்க கஸ்பாரு. எனக்குப் பல்லுக் குத்த ஒண்ணு இருக்கு” அப்படின்னுச்சு கொடுவா.

“...ம்.”

அப்புறம் புஷ்பத்துக்கு ஒரு புள்ள பொறந்துச்சு. கஸ்பார் அந்த முள்ளைக் கொண்டு வந்து உத்தரத்துல அடிச்சுக் கொடுத்தாரு. மேல பாரு. கறுப்பா ஒண்ணு வளைஞ்சு நிக்குதுல்ல, உன் தூளிக்கயிறு தொங்குதே, அதான்.

உங்கப்பாகிட்ட கேக்காத. ஒத்துக்க மாட்டாரு.

“அது போயிடுச்சுன்னா?”

போகாது கண்ணு. கதை கரை ஏறிடுச்சு. காலை உள்ள இழுத்துக்கிட்டுத் தூங்கு.