வித்வான் தூங்குகிறார்

சாய்ந்தமேட்டு ஜனங்களிடம் எந்த வேலையைச் சொன்னாலும், ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்துவிடுவார்கள். அந்த ஊருக்கு அதிகாரியாகப் போகிறவர்களிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லி வைப்பதில்லை.

அந்த ஊர்க் கடம் வித்வான் ஏகாம்பரம் காலமாகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அவர் வீட்டை அருங்காட்சியகம் ஆக்கினார்கள். வித்வான் மேல் உயிரையே வைத்திருந்த மாசிலாமணியைப் பொறுப்பாளராகப் போட்டார்கள். பெருக்கித் துடைக்கப் பஞ்சவர்ணம், வாசல் காவலுக்குத் தர்மலிங்கம். சாவியைக் கொடுக்க வந்த அதிகாரி தமயந்தி மூவரையும் கூப்பிட்டுச் சொன்னார்:

“வித்வான் இன்னமும் இந்த வீட்டில குடியிருக்கிற மாதிரியே இருக்கணும். அடுத்த மாசம் வந்து பார்ப்பேன். ஜன நடமாட்டம் இல்லைன்னா வீட்டை உரக் கிடங்குக்குக் கொடுத்துடுவாங்க.”

வித்வான் வாசித்த கூடத்தில் யூரியா மூட்டையா? மாசிலாமணிக்கு மனசு ஒப்பவில்லை. அன்றைக்கே மூவரும் உட்கார்ந்து யோசனை செய்தார்கள்.

முதல் காரியமாக, சுவரிலிருந்த வித்வான் படத்தின் மாலையைக் கழற்றினார்கள். குடியிருக்கிற மனுஷனுக்கு அது ஆகாது. வாசல் பலகையில் ‘தோற்றம்’ தேதியை விட்டுவிட்டு ‘மறைவு’ தேதிமேல் பெயிண்ட் அடித்தார்கள். கொடியில் ஈரத்துண்டு ஒன்றைக் காயப்போட்டார்கள். காய்ந்ததும் எடுத்து மறுபடி நனைத்தார்கள்.

“குடியிருக்கிறவர் சாப்பிட வேண்டாமா?” என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

நியாயமான கேள்விதான். மறுநாளிலிருந்து வித்வானின் பாய்க்கு முன்னால் இட்லித் தட்டு வந்தது. உச்சி வெயில் ஏறும்வரை இட்லி அப்படியே இருந்ததைப் பார்த்து மாசிலாமணி கலங்கிப்போனார்.

“தட்டுல மிச்சம் இருந்தா உடம்பு சரியில்லைன்னுதானே அர்த்தம்? பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?”

தர்மலிங்கம் நெடுநேரம் யோசித்தான். பிறகு வித்வானின் உடம்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து தட்டு தவறாமல் காலியானது. சட்னியில் காரம் தூக்கல் என்று வித்வான் சார்பில் ஒருநாள் குறையும் சொன்னான்.

தண்ணீருக்குப் பானை வேண்டியிருந்தது. பஞ்சவர்ணம் வித்வான் வாசித்த கடத்தை எடுத்து நிரப்பி, பக்கத்தில் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். கச்சேரிக் கடமாயிற்றே என்று மாசிலாமணி தயங்கினார். தாகம் எடுத்தால் அவர் வேறெதில் குடிப்பார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். தண்ணீரும் ஜில்லென்று இருந்தது.

பார்க்க ஆட்கள் வராமல் இல்லை. டவுனிலிருந்து பாட்டு கற்கும் பெண்கள் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். வித்வான் குளிக்கிறார், ஆம்பிளை குளிக்கிற நேரத்தில் பெண்கள் உள்ளே போவது அழகில்லை என்று மாசிலாமணி பக்குவமாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். மத்தியானம் வந்தவர்களிடம் வித்வான் தூங்குகிறார் என்றார். சாயங்காலம் வந்தவர்களிடம் கோயில் வரை போயிருக்கிறார் என்றார். ஆகமொத்தம் ஒருவரும் வாசற்படி தாண்டவில்லை. வீடு அசல் குடியிருப்பு மாதிரியே இருந்தது. மாசிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை.

சொன்னபடி அடுத்த மாதம் தமயந்தி வந்து இறங்கினார். மாசிலாமணி வாயில் விரலை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“மெதுவாப் பேசுங்கம்மா. தூங்குறார்.”

“யாரு?”

“நம்ம வித்வான்தான்.”

தமயந்தி உள்ளே போனார். ஈரத்துண்டைப் பார்த்தார். காலித் தட்டைப் பார்த்தார். தலை சுற்றுவது போலிருக்கவே தண்ணீர் கேட்டார். குடித்து முடித்த பிறகுதான் அது எதிலிருந்து வந்தது என்பதைக் கவனித்தார். அப்படியே கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“மாசிலாமணி, நல்லாக் கேட்டுக்குங்க. வித்வான் செத்துப்போயிட்டார்.”

பஞ்சவர்ணத்தின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் சரிந்தாள்.

“காலையில நாலு இட்லி சாப்பிட்டாரேம்மா,” என்றான் தர்மலிங்கம்.

“அவர் போய் எத்தனையோ வருஷமாச்சு. பாடைக்குத் தோள் கொடுத்ததே நீங்கதான்னு ஊர்ல சொன்னாங்களே, மாசிலாமணி!”

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்போ நான் சும்மா ஊர்க்காரன்மா. இப்ப என் பொறுப்புல இருக்கும்போது போயிட்டாரே.”

சேதி தெருவெல்லாம் பரவியது. அரை மணி நேரத்தில் ஊரே மாலையும் கையுமாகத் திரண்டுவிட்டது. வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நீண்டது. வந்தவர்கள் எல்லோரும் தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நேரத்தில் கூட இருந்தது நீங்கள்தானாமே, ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்கள். முதலில் அவர் விளக்கிப் பார்த்தார். பிறகு, நிம்மதியாகத்தான் போனார் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் எப்படியோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜீப்பில் ஏறியவர், ஜன நடமாட்டம் அளவுக்கு மீறி இருக்கிறது என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். உரக் கிடங்குப் பேச்சு அத்தோடு நின்றது.

மறுநாள் வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்கள் பூட்டிய கதவில் ஒரு அட்டை தொங்குவதைக் கண்டார்கள். மாசிலாமணி தன் கையாலேயே எழுதியிருந்தார்:

‘வித்வான் ஏகாம்பரம் காலமாகிவிட்டதால் அவருடைய அருங்காட்சியகத்துக்கு இன்று விடுமுறை. நாளை முதல் வித்வான் வழக்கம்போல் இருப்பார்.’