இருநூற்று இருபதின் நண்பன்

முதலில் பள்ளிவாசல் தூணடியில் ஹுபைஷ் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டான். அடுத்து, ஹுபைஷ் கண்டுபிடித்த சூத்திரத்தைத் தனதென்று சபையில் ஒப்பித்தான். இப்போது, ஹுபைஷ் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தேடிப் பிடித்த புதிய நட்பு எண் ஜோடியையும் தன்னுடையது என்கிறான்.

இத்தனையும் செய்தவன் ஸுஹைர். பாக்தாத் அமைச்சரின் தங்கை மகன். ஹுபைஷ் சாயக்காரன் மகன். இருவருக்கும் ஆசான் உஸ்தாத் வாஸில். அன்று தொழுகை முடிந்ததும், ஜோடியைக் கண்டவன் பெயரைச் சாட்சிகள் முன் அவர் வாசிப்பார். அந்தப் பெயருக்கு உரியவன்தான் இனிப் பாடம் நடத்தலாம்.

"அமைச்சர் வீட்டு விருந்து ருசியாக இருந்ததா, உஸ்தாத்?" என்றான் ஹுபைஷ். "எனக்கு நியாயம் உண்டா, இல்லையா?"

உஸ்தாத் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இருநூற்று இருபதை மீதியின்றி வகுக்கும் எண்களைக் கூட்டு. அந்த எண்ணை மட்டும் விட்டுவிடு."

"இருநூற்று எண்பத்து நான்கு. அதையும் அப்படியே பிரித்துக் கூட்டினால் மறுபடி இருநூற்று இருபது. அதனால் இரண்டும் நண்பர்கள். நான் கேட்டது இதையா?"

"ஸுஹைரைக் கூப்பிடு."

ஸுஹைர் பட்டு உடையில் வந்து நின்றான்.

"உன்னிடம் இருப்பதைச் சொல். உன் பெயரையும் மாமனையும் விட்டுவிடு."

"தூணடி இடம். சூத்திரம். இந்த ஜோடி."

"கூட்டு."

ஸுஹைர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். அவன் பார்வை ஹுபைஷ் மேல் போய் நின்றது.

"பார்த்தீர்களா!" என்று குதித்தான் ஹுபைஷ்.

"இப்போது நீ சொல்."

"என்னிடமா? இடத்தை இவன் பறித்தான். சூத்திரத்தை இவன் திருடினான். ஜோடியை இவன்..."

"கூட்டு."

ஹுபைஷ் கூட்டிப் பார்த்தான்; ஸுஹைர்தான் வந்தான். நியாயம் கேட்க வந்தவனுக்குக் கணக்கா?

"அப்படியானால் நான் இந்தத் திருடனுக்கு நண்பனா?"

"அந்த எண்களைக் கேட்டுக்கொண்டா நண்பர்கள் என்று பெயர் வைத்தார்கள்?"

தொழுகை முடிந்தது. சாட்சிகள் அமர்ந்தார்கள். உஸ்தாத் எழுந்து நின்று வாசித்தார்.

"ஜோடியைக் கண்டவன், சாயக்காரன் மகன் ஹுபைஷ்."

யாரும் எழவில்லை. சாட்சிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹுபைஷ், ஸுஹைரின் முகம் வெளிறுகிறதா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸுஹைர் முழங்கையால் அவனை இடித்தான். "டேய், உன்னைத்தான்."

"என்னையா?"

உஸ்தாத் தாளைச் சற்று உயர்த்திப் பிடித்து, மறுபடியும் வாசித்தார்.

"ஹுபைஷ்."