தும்மல் கல்

தாண்டவமூர்த்தி நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் பிறர் எல்லைகளை அளந்தவர். ஓய்வு பெற்றதும் தனக்கென்று ஒரு ராஜ்யம் வேண்டுமென மாதங்கியிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு வயது இருபத்தேழு.

பல்லடத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தின் மாடி. ஞாயிறுதோறும் அங்கே ஒரு கதை விளையாட்டு. மேசையைச் சுற்றி நாலு பேர் வீரர்களாக உட்காருவார்கள். கதை நடத்துபவர் ஒருவர் அசுரன், அரசன், மழை, மலை என்று மீதி எல்லாமாகவும் இருப்பார். பகடை விழும், கதை நகரும். மாதங்கியிடம் கற்றுக்கொண்டு தாண்டவமூர்த்தி கதை நடத்தத் தொடங்கி நாலு வாரம் ஆகியிருந்தது.

தெருவில் அவர் மாதங்கியை ‘வாம்மா’ என்பார். மாடிப்படி ஏறிவிட்டால் ‘ஆசானே’தான்.

அந்த ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நின்றார்.

“ஆசானே, ராஜ்யம் கவிழப் போகுதுங்க.”

“ஆடறவங்களுக்கு என்ன குடுத்தீங்க சார்?”

“ஒரு வாள். தொட்டதெல்லாம் சாகும்.”

“எந்த வாரம்?”

“முதல் வாரம்.”

மாதங்கி கண்ணை மூடித் திறந்தாள்.

“ரெண்டாம் வாரம் பறக்கும் நாகம் ஒரே வெட்டுல போச்சு. மூணாம் வாரம் அதோட ஆத்தாளும் போச்சு. போன வாரம் ரபீக் போனை நோண்டிட்டு இருந்தான். இன்னைக்கும் இப்படின்னா இனி கேரம் ஆடப் போறாங்களாம்.” கேரம் என்பதை ஒரு கெட்ட வார்த்தை போலச் சொன்னார். “ஒரு திருடனை விட்டு வாளைத் தூக்கிரட்டுங்களா?”

“குடுத்ததைப் பிடுங்கக் கூடாது. இன்னொண்ணு குடுங்க.”

“அதைவிடப் பெருசாவா?”

மாதங்கி ஓர் அட்டையில் எழுதி நீட்டினாள். அவர் படித்தார்.

‘மந்திரக் கூழாங்கல். தேய்த்தால் பத்தடிக்குள் இருக்கும் ஒருவர் ஒருமுறை தும்முவார். ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும்.’

“இது எதுக்குங்க ஆகும்?”

மாதங்கி காபி வாங்கக் கீழே போய்விட்டாள்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வீரர்கள் வழியில் கல்லைக் கண்டெடுத்தார்கள், சிரித்தார்கள், ரபீக் பையில் போட்டுக்கொண்டான். பிறகு கோட்டை. நாற்பதாயிரம் அசுரர்கள் படையெடுக்க நின்றார்கள். வீரர்கள் வாசல் வளைவின் மேல் ஒளிந்திருந்தார்கள். எதையும் விட்டுவைக்காத பழக்கத்தில், அசுர வேந்தன் கிளம்ப ஜோசியர் குறித்த நேரத்தையும் தாண்டவமூர்த்தி வாசித்தார்.

“நாப்பதாயிரம் பேரையும் வெட்டி முடிக்கறதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துரும்” என்றாள், வாள் வைத்திருந்த ஜெசிந்தா.

ரபீக் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“சார், இவன் நல்ல நேரம் பார்க்கிற ஆளா?”

“பார்க்காம வாசப்படி தாண்ட மாட்டான்.”

“சரி. அவன் வாசப்படியில கால் வைக்கறப்ப நான் கல்லைத் தேய்க்கறேன்.”

தாண்டவமூர்த்தியின் கையில் போருக்கென்று எழுதிய பதினோரு பக்கம் இருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த மாதங்கியைப் பார்த்தார். அவள் காபியில் ஆடை எடுத்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு பக்கத்தையும் கவிழ்த்தார். அசுர வேந்தனாகத் தும்மினார். பகடை உருண்டு கீழே விழுந்தது.

“நான் அவனோட அம்மா குரல்ல கத்தறேன்!” என்று ஜெசிந்தா எழுந்துவிட்டாள். “கிளம்பறப்பவே தும்மலா? உள்ள வா சாமி, தண்ணி குடிச்சு ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ!”

“அவன் மட்டும் சாப்பிட்டா படை சும்மா நிக்குமா?” என்றான் ரபீக்.

நிற்காது என்று தாண்டவமூர்த்தி தீர்ப்பளித்தார். நாற்பதாயிரம் பேருக்கும் பந்தி விரிந்தது. கடைசிப் பந்தி கை கழுவியபோது அவர் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார்.

“மணி நாலரை. ராகு காலம்.”

“நாளைக்குங்க சார்?”

தாளைத் தூக்கிப் பார்த்தார். “கரிநாள்.”

சிரிப்பில் மாடி அதிர்ந்தது.

படியிறங்கும்போது ரபீக் திரும்பினான். “அடுத்த ஞாயிறு ரெண்டு மணிக்கே வந்தரலாமுங்களா சார்? கல்லு என்கிட்டயே இருக்கட்டும்.”

ஜெசிந்தா வாள் அட்டையை மேசையிலேயே மறந்து போயிருந்தாள்.

“ஒரு தும்மல் ஒரு படையை நிறுத்தும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க, ஆசானே?”

“தெரியாது சார்.”

“தெரியாமத்தான் குடுத்தீங்களா?”

மாதங்கி வாள் அட்டையை எடுத்து அவர் சட்டைப்பையில் செருகினாள்.

“எதுக்கு ஆகும்னு கண்டுபிடிக்கறதுதான் சார் அவங்க ஆட்டம். தெரிஞ்சிருந்தா நானும் வாளையே குடுத்திருப்பேன்.”