விளக்கு மாடத்துக்குக் குடிவந்த புறா

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் சின்னவர்களே. கொட்டாவி வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு விடுங்கள். கதைக்கும் ஒரு மரியாதை உண்டு.

மிளகைப் பொன்னுக்கு நிகராக நிறுத்து விற்ற காலம் அது. காயல்மருதூர் என்ற ஊரில் திருமேனியப்பர் என்று ஒரு மிளகு வணிகர் இருந்தார். மிளகில் நிறையச் சேர்த்தார். அதைவிட நிறையக் கருணை சேர்த்தார். சாதாரணக் கருணை இல்லை, ஊருக்கே காதில் விழுகிற கருணை. எறும்புப் புற்றில் ஒரு பிடி அரிசிமாவு தூவப் போனாலும் அவருக்கு முன்னால் பறை கொட்டிக்கொண்டு ஒருவன் போவான். சத்தத்துக்குப் பயந்து எறும்பெல்லாம் உள்ளே ஓடிவிடும். ஆனால் ஊர் சனம் வெளியே வந்துவிடும். அவருக்கு அது போதும்.

"என் கையால் ஓர் உயிருக்கும் தீங்கு வராது" என்பது அவர் வாயை விட்டு இறங்காத வாசகம். வெற்றிலை போடும்போது மட்டும் அதற்குச் சற்று ஓய்வு கிடைக்கும்.

அவர் வீட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு விளக்கு மாடம் இருந்தது. அந்தி சாய்ந்ததும் அவர் மனைவி உமையாள் அதில் அகல் ஏற்றி வைப்பாள். திருமேனியப்பர் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். வீட்டு மாடத்தில் எரிகிற விளக்கை யார் பார்க்கிறார்கள்? வீட்டில் இருக்கிறவர்கள்தானே? அதே எண்ணெயைக் கோவில் குளக்கரையில் ஒரு கல்தூணில் எரித்து, தூணில் பெயரையும் வெட்டி வைத்தால்? அப்படியே செய்தார். குளக்கரை வெளிச்சமாயிற்று. வீட்டு மாடம் இருண்டு போயிற்று.

காலியாகக் கிடக்கிற மாடத்தை விட்டுப் போக மாடப்புறாவுக்கு என்ன பைத்தியமா? ஒரு புறா வந்தது. நாலு சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டது. இதுதான் என் வீடு, வந்து பார் என்று உட்கார்ந்துவிட்டது.

புறா சாதுவான பறவை என்று சொல்கிறவர்கள் அந்த வாசலில் ஒரு தடவை நுழைந்து பார்த்திருக்க வேண்டும். கழுத்தை உப்பவைத்து ஓர் உறுமல், அப்புறம் ஒரு பாய்ச்சல், அப்புறம் சிறகால் கன்னத்தில் ஓர் அறை. மிளகு மூட்டை சுமந்தவன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். வாழ்த்துப்பா பாட வந்த புலவர் முதலடியிலேயே நிறுத்திக்கொண்டார். அந்த ஒன்றுக்காவது அந்தப் புறாவுக்குப் புண்ணியம் உண்டு.

அந்த நேரம் பார்த்து அரண்மனையிலிருந்து ஆள் வந்தான். வருகிற பௌர்ணமியன்று ராஜாவே வீடு தேடி வந்து, 'உயிரிரக்கச் செம்மல்' என்ற பட்டம் கொடுத்து, திருமேனியப்பர் தலையில் பட்டு கட்டப் போகிறாராம்.

பாவம் மனிதர், நன்றாக மாட்டிக்கொண்டார். புறாவை விட்டுவைத்தால் ராஜாவின் கன்னத்தில் அறை விழும். புறாவைக் கொன்றால் பட்டம் போய்விடும்.

"என் கையால் ஓர் உயிருக்கும் தீங்கு வராது" என்று சொல்லிவிட்டு ஒரு வலைக்காரனை வரவழைத்தார். அவன் புறாவைப் பிடித்துக் கூடையில் மூடி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் காட்டில் விட்டான். கூலி வாங்க அவன் திரும்பி வந்தபோது புறா அவனுக்கு முன்பே வந்து மாடத்தில் உட்கார்ந்திருந்தது. அவனுக்கும் ஓர் அறை கிடைத்தது. கூலி கிடைக்கவில்லை.

"என் கையால் ஓர் உயிருக்கும் தீங்கு வராது" என்று சொல்லிவிட்டு ஒரு கடுவன் பூனையைக் கொண்டுவந்து வாசலில் கட்டினார். பூனை செய்கிற பாவம் பூனைக்குத்தானே? பூனை மாடத்தை நிமிர்ந்து பார்த்தது. புறா ஒரு தடவை இறங்கி ஏறியது. பூனை கயிற்றை அறுத்துக்கொண்டு போனதுதான், பிறகு அந்தத் தெருவில் யார் மீன் விற்றாலும் அது வரவில்லை.

இதற்குள் மாடத்தில் இரண்டு குஞ்சு பொரித்திருந்தது. உமையாள் அதைப் பார்த்திருந்தாள். கணவரிடம் சொன்னாள். அது வம்புக்கு அடிக்கவில்லை, குஞ்சுக்காக அடிக்கிறது, குஞ்சு பறக்கிற வரைக்கும் நாம் மாட்டுக்கொட்டில் வாசல் வழியாகப் போய்வரலாம், பறந்த பிறகு மாடத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள். ராஜாவைச் சாணி மிதிக்கச் சொல்கிறாயா என்று திருமேனியப்பர் கத்தினார். அவள் மட்டும் அந்த மாடத்தடியில் மெதுவாக, தலையைத் திருப்பிக்கொண்டு, கையை உயர்த்தாமல் போய்வந்தாள். ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீரும் வைத்தாள். அவளைப் புறா ஒன்றும் செய்யவில்லை.

பௌர்ணமிக்கு முதல் நாள். திருமேனியப்பர் மூன்றாவது தடவையாக, "என் கையால் ஓர் உயிருக்கும் தீங்கு வராது" என்றார். சொல்லிவிட்டு ஒரு கொத்தனைக் கூப்பிட்டார். தாய்ப்புறா இரைக்குப் போகிற நேரம் பார்த்து மாடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, சுண்ணாம்பு பூசிவிட வேண்டும். கொத்தன் எட்டிப் பார்த்தான். உள்ளே குஞ்சு இருக்கிறதே ஐயா என்றான். நான் என்ன கொல்லவா சொன்னேன், அடைக்கத்தானே சொன்னேன் என்றார் கருணைக் கடல்.

உமையாள் உள்ளேயிருந்து வந்தாள். கொத்தனைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தாள்.

"அடைக்கிறதுன்னா அடைங்க. நாளைக்கு ராஜா உங்க தலையில பட்டு கட்டுற நேரத்துல, சுவத்துக்குள்ள இருந்து அது ரெண்டும் கத்தும். அது என்ன சத்தம்னு ராஜா கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்களா, நான் சொல்லட்டுமா?"

திருமேனியப்பருக்கு வியர்த்தது. சத்தத்தால் பேர் வாங்கிய மனிதர் அல்லவா, சத்தம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். கொத்தனைப் போகச் சொன்னார். அது இரக்கம் இல்லை, பயம்தான். ஆனால் குஞ்சுகளுக்கு இரண்டும் ஒன்றுதான், அவை நிம்மதியாகத் தூங்கின.

மறுநாள் ராஜா வந்தார். உமையாள் மாட்டுக்கொட்டிலைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்தாள். அந்த வாசல் தாழ்வானது. கிரீடத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பசுவுக்கு வழிவிட்டு, குனிந்துதான் ராஜா நுழைந்தார். என்ன செய்தி இது என்று கேட்டார். வாசல் மாடத்தில் புறா குஞ்சு பொரித்திருக்கிறது என்று உமையாள் சொன்னாள்.

"ஒரு புறாவுக்காக உம் தலைவாசலையே விட்டுக்கொடுத்தீரா, வணிகரே?" என்று ராஜா வியந்து கேட்டார்.

திருமேனியப்பர் மனைவியைப் பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆமாம் மகாராஜா என்றார். கூடியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ராஜா பட்டைக் கட்டினார்.

அதோடு போயிருந்தால் கதை திருமேனியப்பருக்கு நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அந்தப் புறாவைப் பார்க்க வேண்டும் என்று ராஜா ஆசைப்பட்டார். எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். வலைக்காரனையும் பூனையையும் ஏவியவரைப் புறா அடையாளம் கண்டதோ, பளபளத்த பட்டைக் கண்டு மிரண்டதோ, யாருக்குத் தெரியும்? வந்த வேகத்தில் திருமேனியப்பர் தலையில் ஓர் அறை விட்டது. பட்டு அவிழ்ந்து மண்ணில் விழுந்தது. அவர் வாசல் தூணுக்குப் பின்னால் ஒளிந்தார். காவலர்களும் ஒளிந்தார்கள்.

உமையாள் எப்போதும் போல மெதுவாக மாடத்தடிக்குப் போய், கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி, பட்டை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அவள் தலைக்கு மேலே புறா சிறகைக்கூட விரிக்கவில்லை.

ராஜா அவளைப் பார்த்தார். தூணைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கொடுத்த பட்டத்தைத் திரும்ப வாங்கினால் ராஜா தப்பு செய்தார் என்று ஆகிவிடுமே. அந்தக் காலத்து ராஜாக்களுக்கு அது பழக்கமில்லை. எந்தக் காலத்தில்தான் பழக்கம்?

"அம்மா, யாருக்குக் கட்ட வேண்டும் என்று அந்தப் பறவையைக் கேட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார். போகும்போது மறுபடியும் குனிந்து போனார்.

குஞ்சுகள் சிறகு முளைத்துப் பறந்தன. புறா அடுத்த முட்டைக்கு அடிபோடும் முன்பே உமையாள் சுள்ளிகளை வழித்துத் துடைத்து, பழைய இடத்தில் அகலை ஏற்றி வைத்தாள். விளக்கு எரிகிற மாடத்தில் எந்தப் புறாவும் குடிவராது. அது கோவில் கோபுரத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டது.

திருமேனியப்பர் பட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பறைக்காரனுக்கும் வேலை போயிற்று. தலைவாசல் திறந்தே கிடந்தும், அவர் சாகிற வரைக்கும் மாட்டுக்கொட்டில் வழியாகத்தான் குனிந்து போய்வந்தார். ஏன் என்று கேட்டால், பழகிவிட்டது என்பார்.

ஆகவே மக்களே, ஊருக்குப் பறை கொட்டிக் காட்டுவது கருணை ஆகாது. தன்னை அறைகிற உயிருக்கும் தன் வீட்டு வாசலில் சத்தமில்லாமல் வழிவிடுவதே கருணை.