மூன்று காசும் ஒரு பவுனும்

மதுரையில் நாணயம் சேகரிப்போர் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்திவந்தது. நாணயச்சாலையில் அச்சடிக்கும்போதே பிழையாகிப்போன காசைக் கொண்டுவருபவருக்கு ஒரு பவுன் பரிசு. நடுவர் எஸ்தர் ஜெயசீலி, ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர்.

அந்த வருடம் மேடை ஏறும்போதே எஸ்தர் கவனித்துவிட்டார். முன் வரிசையில் சங்கிலிமுத்து உட்கார்ந்திருந்தார். போன வருடம் வெறும் கறை படிந்த காசு ஒன்றுக்கு, அரிய பிழைக்காசு என்று எஸ்தர் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தார். அதை நம்பித் தன் பைக்கை விற்று அந்தக் காசை வாங்கியவர் சங்கிலிமுத்து. பைக்கில் போய் இட்லி மாவு விற்றவர், இப்போது தெருத்தெருவாகத் தூக்கிச் சுமக்கிறார். தவறு தெரிந்த பிறகும் எஸ்தர் வாய் திறக்கவில்லை.

கடைசிச் சுற்றுக்கு வந்தவை மூன்று ஒரு ரூபாய்க் காசுகள். அந்த வகைக் காசு எஃகில் அடிக்கப்படுவது.

முதல் காசு சங்கத் தலைவர் குப்புராமுடையது. தகதகவென்று செம்பு நிறம். "எஃகுக்குப் பதில் செம்புத் தகடு மாறிப்போய் அடிச்சிருக்காங்க. அடுத்த வருஷமும் நீங்களே நடுவரா இருக்கணும்னு கமிட்டியில சொல்லியிருக்கேன், மேடம்" என்றார். எஸ்தர் காந்தத்தை நீட்டினார். காசு துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது சங்கிலிமுத்துவுடையது. பளபளப்பான காசு, குறுக்கே ஒரு நீளக் கோடு. எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் வருடினார். நகம் பள்ளத்தில் இறங்கியது. மறுபடி வருடினார். மறுபடியும் இறங்கியது.

மூன்றாவதைக் கொண்டுவந்தவர் வடைக்கடை கோமதி. எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்த காசு. அதிலும் ஒரு கோடு. "கழுவலாம்னு பாத்தேன், தேய்ஞ்சிருமோன்னு பயந்து விட்டுட்டேன்க்கா" என்றார். இங்கே எஸ்தரின் நகம் மேட்டில் தட்டி ஏறி இறங்கியது.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சங்கிலிமுத்து எஸ்தரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பவுன் கிடைத்தால் அவருக்கு ஒரு வண்டி வந்துவிடும்.

நீங்கள் அந்த நடுவர் நாற்காலியில் இருந்தால் பவுனை யாருக்குக் கொடுப்பீர்கள்? ஏன்?

விடை: கோமதிக்கு. செம்பு காந்தத்தில் ஒட்டாது. தலைவரின் காசு எஃகுதான், நிறம் மேலே பிறகு ஏறியது. பள்ளமான கோடு, காசு வெளியே வந்த பிறகு விழுந்த கீறல். அச்சில் விரிசல் விட்டிருந்தால்தான் உலோகம் அதற்குள் புகுந்து காசில் மேடாக நிற்கும். சங்கிலிமுத்துவுக்கு ஏற்பட்ட நட்டம் எஸ்தர் தீர்க்க வேண்டியது, கோமதியின் பரிசு தீர்க்க வேண்டியதல்ல. எஸ்தர் அப்படியே அறிவித்தார். பிறகு கீழே இறங்கி, தன் பழைய சான்றிதழ் தவறு என்று எழுதிக் கையெழுத்திட்டு, வண்டிக்கு ஆகும் செலவு தன் பொறுப்பு என்றும் சேர்த்து, சங்கிலிமுத்துவிடம் நீட்டினார்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதப் போன வருஷமே குடுத்திருக்கலாமேம்மா."