ஆறு பேருக்கு எந்தப் படகு?

மிக்கேலுக்கு வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். கடலெல்லாம் சுற்றி வந்தவருக்குச் சின்னப் படகு ஓட்டத் தெரியாது. அதனால் தன்னைவிட இருபது வயது இளையவளான பெர்னதெத்திடம் சீடராகச் சேர்ந்திருந்தார். ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை அவர் வீட்டு முன்னால், மணலில் இரண்டு மோட்டார் படகுகள் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை நிறம். ஒன்றில் ஆறு பேர் உட்காரலாம். அதைவிட நாலடி நீளமான மற்றதில் பத்துப் பேர். பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லி விற்பவர் விட்டுப்போயிருந்தார்.

“எதை எடுக்க, டீச்சர்?”

“வீட்டுல எத்தனை பேரு?”

“நானும் அவளும், மகன், மருமக, பேரப்பிள்ளைக ரெண்டு. ஆறு.”

“அப்ப சின்னதே போதுமே.”

“போதும்தான். ஆனா, ஒருவேளை...” என்று இழுத்தவர், பக்கத்து வேலியைப் பார்த்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி இன்னாசியின் வீடு. மாதா கோயில் திருவிழாவில் கொடியை யார் பிடிப்பது என்று மூண்ட சண்டையில், மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. தம்பியை நினைக்காத நாள் இல்லை அண்ணனுக்கு. வீம்புதான் விடவில்லை.

பெர்னதெத்தும் அந்த வேலியை ஒருமுறை பார்த்தாள்.

“இந்தக் கரையில படகைத் தண்ணியில விட்டு வைக்க முடியாது, அலை உடைச்சிரும். தினமும் தள்ளித்தான் இறக்கணும். ரெண்டையும் தள்ளிப் பாருங்க.”

உருளைக் கட்டைகள் போட்டு ஆறு பேரும் தள்ளினார்கள். சின்னது சமர்த்தாகத் தண்ணீரில் இறங்கியது. பெரியதோ அசைவேனா என்றது. மருமகளுக்குச் சிரிப்பு வந்து, இருந்த பிடியும் போயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இன்னாசிக்குப் பொறுக்கவில்லை.

“இப்படியா தள்ளுவாங்க? ஆளுக்கொரு பக்கம் தள்ளுனா எப்படி நகரும்?” என்று யாரிடம் என்றில்லாமல் கத்தினார். கத்தியதோடு நிற்காமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினார். பின்னாலேயே அவர் மனைவியும் இரண்டு மகள்களும் வந்தார்கள்.

“நான் மூணு எண்ணுதேன். அண்ணே, நீ அந்தப் பக்கம் பிடி!”

மூன்று என்பதற்குள் படகு வழுக்கிக்கொண்டு ஓடியது. மிக்கேல் தண்ணீரில் குப்புற விழுந்தார். இரண்டு வீடும் வயிறு வலிக்கச் சிரித்தது. தூக்கிவிட்ட தம்பியின் கையை அவர் வெகு நேரம் விடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஈரம் சொட்டச் சொட்ட டீச்சரிடம் வந்தார்.

“முடிவு பண்ணிட்டேன், டீச்சர். சின்னதுதான். அதை நாங்களே தள்ளிக்கிடுவோம். பெருசுன்னா தினமும் தம்பியைக் கூப்பிடணும்.”

“ஆமா,” என்று பெரிய படகைக் காட்டிச் சிரித்தாள் பெர்னதெத். “தினமும் கூப்பிடணும்.”