காய்ந்த தழைக்கட்டும் ஆட்டின் ஒரு வாயும்

கிட்ட வந்து உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது.

அந்தக் காலத்தில் ஆடுமாடும் பேசும், செடிகொடியும் பேசும். மாட்டுக்கு வயிறு ஊதினால் ஓமச்செடி தானே கூப்பிடும், "இங்க வா, வயித்துக்கு நான்தான்" என்று. அதனால் எது எதற்கு மருந்து என்று யாரும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஆடு மட்டும் எந்தப் பேச்சையும் காதில் வாங்காது. ஒரு செடியைப் பிடித்தால் வேர்வரை தின்றுவிட்டுத்தான் தலையைத் தூக்கும்.

ஒரு வருஷம், கோடைக்கு ஆகட்டும் என்று மாடு மேய்க்கிற கொம்பையா மருந்துச் செடிகளைப் பறித்து, கட்டுக்கட்டாகத் தொழுவத்து நிழலில் காயவிட்டான். அடையாளம் ஒன்றும் வைக்கவில்லை. கேட்டால் சொல்லிவிடப் போகிறது என்று இருந்துவிட்டான்.

சித்திரையில் அவனுடைய செவலைப் பசுவுக்கு வயிறு பறை மாதிரி உப்பிவிட்டது. கன்று போட்டுப் பத்து நாள்தான். கொம்பையா கட்டுகளுக்கு முன்னால் போய் நின்றான்.

"ஓமம் யாருப்பா?"

காய்ந்ததோடு பேச்சும் போய்விட்டது. எல்லாம் ஒரே சருகு. மோந்து பார்த்தான். ஒன்றின் வாசம் ஒன்றில் ஏறிக் கிடந்தது. அதில் ஒரு கட்டு ஊமத்தை, வீக்கத்துக்கு மேலே பூச வைத்தது. உள்ளே போனால் பசு பிழைக்காது.

"இதுவா? அதுவா?" என்று பசுவையே கேட்டான்.

"எல்லாம் அது மாதிரியும் இருக்கு, எதுவும் அது இல்லாத மாதிரியும் இருக்கு" என்றது பசு. அதற்குமேல் பேச மூச்சு இல்லை.

மூளிக்காது வெள்ளாடு எழுந்து வந்தது. "தள்ளி நில்லு. நீங்கள்லாம் காதால கேட்டீங்க. நான் வாயால கேட்டவ."

"நீ வாய வச்சா கட்டு மிஞ்சாதே. ஊமத்தை வேற இருக்கு."

"ஒவ்வொண்ணுலயும் ஒரே வாய். ஒரு வாய் என்னை ஒண்ணும் பண்ணாது."

முதல் கட்டில் நுனியைக் கடித்தது. "நொச்சி." அடுத்ததைக் கடித்ததும் துப்பிவிட்டு, நாக்கைச் சுவரில் தேய்த்தது. "இதைத் தூரப் போடு." மூன்றாவதை மென்றுகொண்டு அப்படியே நின்றது.

"என்ன?" என்றான் கொம்பையா.

"பொறு. எனக்கே குழப்பமா இருக்கு."

பிறகு ஆட்டுக்கு ஒரு ஏப்பம் வந்தது. "இதுதான்."

காய்ச்சி, மூங்கில் குழாயில் புகட்டினான். கொஞ்ச நேரத்தில் பசு விட்ட ஏப்பத்தில் கன்று துள்ளி ஓடி, திரும்பி வந்து மடியில் முட்டியது.

மழை பெய்து செடிகள் பச்சை பிடித்தன. "நான் நொச்சி, சளிக்கு நல்லது" என்று கூப்பிட்டது ஒன்று. "நீ சொன்னாப் போதுமா" என்று ஆடு அதில் ஒரு வாய் கடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த செடிக்குப் போனது.

அன்று முதல்தான் ஆடு எதையும் முழுசாகத் தின்னாமல், செடிக்கு ஒரு வாய் கடித்துக்கொண்டே நடக்கிறது.